வீட்டு இணைப்பு வேலையின் நடுவே அறுந்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறியும் முறை

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் 'நெட் போய்விட்டது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் பழுது, உண்மையில் நான்கு வெவ்வேறு இடங்களில் நேரக்கூடியது: மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில், ரவுட்டருக்குள்ளேயே, ரவுட்டரிலிருந்து வெளியே செல்லும் தடத்தில், அல்லது அதையும் தாண்டி அலுவலகத்தின் விபிஎன் (அலுவலக வலையமைப்பைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாக அணுகும் வழி) வாயிலில். உடன் பணிபுரிபவர்களுக்கு இந்தப் பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில் நான் பார்த்தவரை, எல்லோரும் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான். பெரும்பாலும் இணைப்பும் திரும்பிவிடும். ஆனால் எந்த இடத்தில் அறுந்தது என்பதற்கான தடயம் அத்துடன் போய்விடும், ஏனெனில் பல வீட்டு ரவுட்டர்கள் தம் பதிவுகளை அணைத்தவுடன் இழந்துவிடுகின்றன. மறுநாள் அதே நேரத்தில் அதே பழுது வரும்போது தேடலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## எதையும் அணைப்பதற்கு முன்

அறுந்த இடம் தெரிய வேண்டுமானால், அறுவதற்கு முன்பே இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும், மற்றொன்றில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் (ஒரு முகவரி விடை தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருக்கட்டும். ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் அதைக் காணலாம். விண்டோஸில் பிங் நான்கு முறையுடன் நின்றுவிடும் என்பதால் முகவரிக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்க்க வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் நிறுத்தும்வரை அதுவாகவே ஓடும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. விபிஎன் இணைந்திருக்கும்போது சில அலுவலக அமைப்புகள் எல்லாப் போக்குவரத்தையும் தம் வழியாகவே திருப்பிவிடும். சில, வீட்டு ரவுட்டரை அணுகுவதையே அடைத்துவிடும். அத்தகைய கணினியில் பிங் தரும் விடையை நம்ப முடியாது. அதே அறையில், அதே வைஃபையில் இணைந்த வேறொரு கணினியில் அதை ஓடவிட வேண்டும்.

இணைப்பு அறும் கணத்தில் இரண்டு சாளரங்களையும் பாருங்கள். ரவுட்டருக்கான பிங் நின்றால் பழுது வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டர் விடை தந்து வெளி முகவரி மட்டும் நின்றால் பழுது வெளித் தடத்தில் இருக்கிறது. இரண்டும் தடையின்றி ஓட, வேலை மட்டும் நின்றால் விபிஎன், தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ், அல்லது அலுவலகத்தின் பக்கம் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரே ஒரு விடை தாமதமாக வருவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; ரவுட்டர்கள் பிங்குக்கு விடை சொல்வதை அவசர வேலையாகக் கருதுவதில்லை.

பிங் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரு நாள் முழுவதும் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யுங்கள். அப்போதும் அறுந்தால் வீட்டு வலையமைப்பின் மீது ஏறக்குறைய குற்றமில்லை. மடிக்கணினியையோ விபிஎன்னையோ பார்க்க வேண்டும்.

## அறிகுறி: வைஃபை குறியே மறைகிறது, அல்லது ரவுட்டருக்கான பிங் நிற்கிறது

அந்தக் கணத்தில் வீட்டிலுள்ள மற்றக் கருவிகள் எப்படி இருக்கின்றன என்பதே இங்கு முதல் கேள்வி.

### உங்கள் மடிக்கணினியில் மட்டும் நிகழ்ந்தால்

மிக எளிய காரணம் மின் சேமிப்பு. விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, வைஃபை அடாப்டரின் பண்புகளுக்குள் மின் மேலாண்மைப் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். சார்ஜரில் இருக்கும்போது நன்றாக ஓடி, பேட்டரிக்கு மாறியதும் அறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். அந்தப் பகுதி சில புதிய மடிக்கணினிகளில் தெரியாது. மின் திட்டத்தின் உயர்நிலை அமைப்புகளில் வைஃபைக்கு 'அதிகபட்சச் செயல்திறன்' என்ற தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து டிரைவர், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள். இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பிறகு பழுது தொடங்கியிருந்தால் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். நெடுநாளாக இருந்துவரும் பழுதானால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பதிப்பை நிறுவுங்கள். அலுவலகம் கொடுத்த கணினியாக இருந்தால் இதை நீங்களே செய்யாமல் அலுவலக ஐடி பிரிவிடம் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது காரணத்தைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். வெளி வன்தட்டையோ யுஎஸ்பி டாக்கையோ (பல கருவிகளை ஒரே துளையில் இணைக்கும் பெட்டி) செருகியவுடன் வைஃபை தள்ளாடி, கழற்றியவுடன் சரியாகிறது என்றால் அது பிரமை அன்று. யுஎஸ்பி 3.0 இணைப்பு எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. மடிக்கணினியின் ஓரத்தை ஒட்டி டாக் இருக்க, அதன் குட்டைக் கேபிள் வளைந்து திரையின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் திரைச் சட்டத்துக்குள்தான் பல மடிக்கணினிகளில் வைஃபை ஆன்டெனா ஓடுகிறது. டாக்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள், அல்லது வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இதே அறிகுறியுடன் கம்பியில்லா மவுஸும் துள்ளித் துள்ளி நகர்ந்தால் ஐயமே வேண்டாம்.

இவை எவையும் பலிக்கவில்லை என்றால் லேன் கேபிளைச் செருகி ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். கேபிளில் அறவே அறுவதில்லை என்றால் மடிக்கணினியின் வைஃபை அட்டை பழுதாகியிருக்கக்கூடும். யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்த பிறகே அட்டையை மாற்றச் சேவை மையத்துக்குச் செல்லுங்கள்.

### ஒரு குறிப்பிட்ட அறையில் எல்லாக் கருவிகளிலும் நிகழ்ந்தால்

இது சிக்னல் வலிமை பற்றியது. மேக்கில் ஆப்ஷன் பொத்தானை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் வலிமை டிபிஎம் அளவில் தெரியும். ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை அளக்கும் இலவசச் செயலி ஏதேனும் ஒன்று போதும். இந்த எண் எதிர்மறையானது. பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். காணொளிக் கூட்டத்துக்கு −67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். −75க்குக் கீழே போனால் இணைந்திருப்பதுபோல் தோன்றும், ஆனால் வேலை நடக்காது.

செலவில்லாத வழி ரவுட்டரை இடம் மாற்றுவது: தரையிலிருந்தும் இரும்பு அலமாரியிலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலிருந்தும் அதை வெளியே எடுத்து, தோள் உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் சிக்னலை வாங்கி மற்ற அறைகளுக்குப் பரப்பும் மெஷ் கருவி வாங்கலாம். ஆனால் அதன் துணைக்கருவியைச் சிக்னல் வராத அறைக்குள் வைப்பது வீண். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். மேசை நிலையாக ஓரிடத்தில் இருக்குமானால் மெஷ்ஷைவிட லேன் கேபிள் இழுப்பதே என் தேர்வு. சுவரைத் துளைத்து உள்வழியாக இழுக்க வேண்டியிருந்தால், மின்கம்பி போகும் குழாய்க்குள் அதைச் செருகாத தொழிலறிந்தவரை அழையுங்கள்.

### வீடு முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால்

2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் நெரிசலே முதல் சந்தேகம். ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அவற்றுள் அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படுவதைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். உணவைச் சூடாக்கும் நேரத்தில் மட்டும் அறுகிறது என்றால் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்து, சிக்னல் வலிமையாக இருந்தும், திடீரென ஒரு நிமிடம்போல வைஃபை பெயரே பட்டியலிலிருந்து காணாமற்போய்த் திரும்பினால் காரணம் வேறு. பல நாடுகளில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களுடன் பகிரப்படுகின்றன. ரேடார் அலை வந்ததாக ரவுட்டர் கருதினால் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. அடுத்துச் செல்லும் சேனலும் அதே தொகுதியைச் சேர்ந்ததானால் குறைந்தது 60 வினாடி அமைதியாகக் கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பத் தொடங்க முடியும். 'ஆட்டோ' என்று விடப்பட்டிருக்கும் சேனலை 36 முதல் 48 வரையிலான ஒன்றில் நிலைநிறுத்தினால் இந்தப் பழுது அன்றே நின்றுவிடும். விமான நிலையத்துக்கோ வானிலை ரேடாருக்கோ அருகில் குடியிருப்பவர்கள் இதை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்து பார்க்கலாம்.

## அறிகுறி: லேன் கேபிளில் இருந்தும் அறுகிறது

கேபிளின் முனையைப் பாருங்கள். அதைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால், மடிக்கணினியைச் சற்று நகர்த்தும் ஒவ்வொரு முறையும் தொடர்பு விட்டுப்போகும். அடுத்து, இணைப்பு வேகம் என்னவென்று பாருங்கள்: இரு பக்கமும் 1000 எம்பிபிஎஸ் தாங்கக்கூடியதாக இருந்தும் 100 என்று காட்டினால், கேபிளுக்குள் இருக்கும் நான்கு இணைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கக்கூடும். கேபிளை மாற்றுங்கள், அதன் பிறகும் அப்படியே இருந்தால் ரவுட்டரில் வேறு துளையில் செருகுங்கள்.

## அறிகுறி: ரவுட்டரே அணைந்து எழுகிறது

இதை உறுதிசெய்வது எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'அப்டைம்' என்று, அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது காட்டப்படும். காலையிலிருந்து யாரும் தொடாத ரவுட்டர் பத்து நிமிடம்தான் ஓடியிருப்பதாகச் சொன்னால் அது தானாக மறுதொடக்கம் ஆகியிருக்கிறது.

முதலில் பிளக்கைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தளர்வாகச் செருகிய அடாப்டரே பாதிப் பழுதுகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம். மோட்டாரோ குளிர்சாதனமோ ஓடத் தொடங்கும் கணத்தில் ரவுட்டர் எழுகிறது என்றால் மின்னழுத்தம் இறங்குகிறது என்று பொருள். சில ஆண்டுகள் ஓய்வின்றி ஓடிய அடாப்டர் அளவு குறைந்த மின்சாரத்தைத் தரத் தொடங்கும். விளக்குகள் எரியும், ஆனால் வைஃபையில் பாரம் ஏறியவுடன் ரவுட்டர் விழுந்துவிடும். புதிய அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவும் முனையின் துருவமும் பழையதைப்போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

சூட்டையும் கவனியுங்கள். மோடத்தின் மேல் ரவுட்டரை அடுக்கி வைத்திருந்தால் பிரித்து வையுங்கள். இவற்றுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள், பிறகு ரவுட்டரை மாற்றுங்கள். மின்தடைக்காகச் சிறு யுபிஎஸ் வாங்குபவர்கள் ரவுட்டரை மட்டும் அதில் இணைத்துவிட்டு, சுவரில் தொங்கும் பைபர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றுக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் பயனில்லை. வீட்டின் பிற விளக்குகளும் மங்கி எழுந்தால் அது ரவுட்டரின் பழுதே அன்று. மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: வைஃபை முழுதாக இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை

### 1.1.1.1க்கான பிங் ஓடுகிறது, தளங்கள் திறக்கவில்லை

டிஎன்எஸ் விடை தரவில்லை. ரவுட்டரில் அல்லது கணினியில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1, 8.8.8.8 ஆகியவற்றை இட்டுப் பாருங்கள். அலுவலகக் கணினியில் இதை மாற்றினால் உள் தளங்களின் பெயர்கள் கிடைக்காமற் போகலாம் என்பதால் ரவுட்டரில் மாற்றுவதே நல்லது.

### வெளி பிங்கும் நிற்கிறது

பைபர் இணைப்பானால் பெட்டியின் விளக்குகளே பாதி விடையைச் சொல்லிவிடும். 'லாஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை. 'பான்' விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் பெட்டியால் நிறுவனத்தின் கருவியோடு பேச முடியவில்லை. மெல்லிய கேபிள் சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருக்கலாம், ஆணியைச் சுற்றி மடங்கியிருக்கலாம், பெருக்கும்போது இழுபட்டு இணைப்பானிலிருந்து பாதி வெளியே வந்திருக்கலாம். சாதாரண பைபரை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. மடிப்பைத் தளர்த்தியவுடனே விளக்கு பச்சைக்கு மாறுவதும் உண்டு. இணைப்பானைக் கழற்றினால் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுசெல்லாதீர்கள்: உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாதது. முனையை விரலால் துடைக்கவும் கூடாது. ஒரு விரல்ரேகையே ஒளியை மறைக்கப் போதுமானது.

சில பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு காட்டப்படும். பரவலாக உள்ள ஜிபான் வகைப் பைபர் பெட்டிகளுக்கு அது −8க்கும் −27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். −26 போன்ற விளிம்பில் இருந்தால் இன்று ஓடினாலும் மழையிலோ வெயிலிலோ நாளை அறும். இந்தப் பழுதை வீட்டில் சரிசெய்ய முடியாது. எண்ணைக் குறித்துக்கொண்டு இணைய நிறுவனத்தை அழையுங்கள்.

கோஆக்ஸியல் கேபிளானால் திருகு முனைகளைக் கையால் இறுக்குங்கள், தேவையற்ற பிரிப்பான்களை நீக்குங்கள். தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல் ஆனால், தொலைபேசி மணி அடிக்கும்போது அறுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வடிகட்டியை மாற்றினால் போதும்.

தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அரை நிமிடம் மட்டும் வெளி இணைப்பு போய்வருகிறதா? நிறுவனம் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை உள்நுழைவை முறித்துப் புதிய முகவரி தருவதாக இருக்கலாம். நள்ளிரவில் ரவுட்டரை நீங்களே ஒரு முறை மறுதொடக்கம் செய்தால் அந்த முறிவு வேலை நேரத்திலிருந்து விலகிவிடும்.

## அறிகுறி: எதுவும் அறுவதில்லை, கூட்டத்தில் குரல் மட்டும் உடைகிறது

வேகத்தைச் சோதித்தால் எண் நன்றாகவே இருக்கும். அதனால்தான் இந்தப் பழுது எல்லோரையும் ஏமாற்றுகிறது. 720 தரக் காணொளிக்கு ஒன்றரை எம்பிபிஎஸ் அளவும், குரலுக்கு மட்டும் 100 கேபிபிஎஸ்ஸும் தாராளம். பிரச்சினை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. வீட்டில் ஒரு கைபேசி படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கியதும் மேல் செல்லும் தடம் நிரம்பிவிடும்; உங்கள் குரல் துண்டுகள் அந்தப் பெரிய கோப்புகளுக்குப் பின்னால் ரவுட்டருக்குள் காத்து நிற்கும்.

சோதனை இது: யாரும் பயன்படுத்தாதபோது வெளி முகவரிக்கான பிங் 20 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய கோப்பை மேலேற்றியபடி மறுபடி பாருங்கள். 40, 50 என்று ஏறினால் கவலையில்லை. 300, 500 என்று ஏறினால் பழுது பிடிபட்டுவிட்டது. காப்புப் பிரதிகளை இரவுக்கு மாற்றுவது முதல் தீர்வு. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் 'எஸ்க்யூஎம்' அல்லது 'க்யூஓஎஸ்' வசதி இருந்தால், அளந்த மேலேற்ற வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாக இடுங்கள்; வேகத்தில் சிறு பகுதியை விட்டுக்கொடுத்தாலும் குரல் தெளிந்துவிடும். இந்த வசதி உள்ள ரவுட்டரை வாங்குவது அடுத்த படி. அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதை நான் கடைசியில்தான் வைப்பேன், ஏனெனில் மேலேற்ற வேகம் கூடாத திட்டமானால் பணம் போகும், குரல் அப்படியே உடையும்.

## அறிகுறி: இணையம் நன்றாக ஓடுகிறது, விபிஎன் மட்டும் அறுகிறது

எப்போது அறுகிறது என்பதைக் குறித்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சற்று நேரம் எதையும் தொடாமல் இருந்த பிறகு அறுந்தால்: ரவுட்டரோ இணைய நிறுவனத்தின் கருவியோ சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடுகிறது. அவ்வப்போது சிறு செய்தி அனுப்பி இணைப்பை உயிரோடு வைக்கும் 'கீப் அலைவ்' அமைப்பு விபிஎன் செயலியில் இருந்தால் இயக்குங்கள். வயர்கார்டு என்னும் விபிஎன் வகையில் இதற்கு 25 வினாடி என்பது வழக்கமான மதிப்பு. அலுவலகமே சும்மா இருக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்திருந்தால் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை.

இணைந்ததிலிருந்து சரியாக 8 மணி நேரம், 12 மணி நேரம் என ஒரே இடைவெளியில் அறுந்தால்: இது பழுதன்று, அலுவலகத்தின் கொள்கை. மதிய உணவுக்கு எழும்போது நீங்களே ஒரு முறை துண்டித்து இணைத்துக்கொள்ளலாம்.

இணைகிறது, சிறு செய்திகள் போகின்றன, பெரிய கோப்பும் கனமான பக்கமும் தொங்குகின்றன என்றால்: தரவைத் துண்டுகளாக்கி அனுப்பும் பொட்டலத்தின் அளவு தடத்துக்குப் பெரிதாக இருக்கிறது. விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, விண்டோஸில் துண்டாக்க வேண்டாம் என்னும் எஃப் தெரிவுடனும் அளவைக் குறிக்கும் எல் தெரிவுடனும் 1472 பைட் பிங் அனுப்புங்கள். அது சென்றால், தலைப்புக்கான 28 பைட்டையும் சேர்த்து, தடத்தின் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1500. செல்லாமல் 1464 சென்றால் 1492, இது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் பிபிபிஓஇ இணைப்பில் இயல்பானது. அதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்தால் செல்லும் அளவைக் கண்டுபிடித்து, விபிஎன்னின் எம்டியூவைக் குறைக்கும்படி ஐடி பிரிவிடம் அந்த எண்ணையே கொடுங்கள்.

இணைகிறது, ஆனால் அலுவலக சர்வர் ஒன்று மட்டும் எப்போதும் கிடைப்பதில்லை என்றால்: வீடும் அலுவலகமும் 192.168.1 என்ற ஒரே முகவரித் தொகுதியைப் பயன்படுத்தக்கூடும். கணினி அந்தச் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் உள் முகவரியை 192.168.73.1 போன்று யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத ஒன்றாக மாற்றுங்கள்.

ரவுட்டர் இரண்டு இருந்தால்: நிறுவனம் கொடுத்த பெட்டியும் நீங்கள் வாங்கியதும் இரண்டுமே உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றிக்கொண்டிருக்கும். நிறுவனப் பெட்டியை அந்த மாற்றத்தைச் செய்யாத 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றுங்கள், அல்லது உங்களுடையதை வைஃபையை மட்டும் தரும் அக்சஸ் பாயின்டாக வையுங்கள். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது; சில பழைய வகை விபிஎன்கள் இதில் தடுமாறும். தனிப் பொது முகவரி கேட்டுப் பெறலாம், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம்.

## அறிகுறி: ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் விழுகிறது

விபிஎன் நிலையாக இருக்க, அலுவலகக் கணினியின் திரையை வீட்டிலிருந்து இயக்கும் இந்த வசதி மட்டும் விழுந்தால், அலுவலகத்தில் இருக்கும் அந்தக் கணினி உறக்கநிலைக்குச் செல்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திரை அவ்வப்போது உறைந்து மீள்கிறது, ஆனால் விழுவதில்லை என்றால் மேலே சொன்ன வரிசை நெரிசலைப் பாருங்கள்.

## அழைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இணைய நிறுவனத்தை அழைத்தால் அவர்கள் முதலில் சொல்லப்போவது ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதுதான். லேன் கேபிளில் இணைத்த கணினியில், ரவுட்டருக்கான பிங் ஓட, வெளி பிங் நின்ற நேரங்களைத் தேதியுடன் குறித்து வைத்திருந்தால் அந்தப் படியைத் தாண்டிப் பேச முடியும். வைஃபையில் எடுத்த பிங்கைக் காட்டினால் பழுதை உங்கள் வீட்டு வைஃபையின் மேல் போட்டுவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு. அலுவலக ஐடி பிரிவுக்கு வேண்டியது வேறு: விபிஎன் அறுந்த நேரம் நிமிடம் வரை, அப்போது இணையம் ஓடியதா என்பது, ஹாட்ஸ்பாட்டில் அதே பழுது வந்ததா என்பது.

தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் ரீசெட் பொத்தானை யார் அழுத்தச் சொன்னாலும், பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும், இணைய நிறுவனம் கொடுத்த விலேன் எண் இருந்தால் அதுவும், எழுதி வைத்த பிறகே அழுத்துங்கள். அவை இல்லாமல் ரீசெட் செய்த ரவுட்டர், அடுத்த நாள் யாராவது வரும்வரை இணைப்பே இல்லாமல் நிற்கும். பைபரைச் சரிபார்க்க வருபவர் கேபிளைக் கையில் நேராகப் பிடித்தபடி ஒளியை அளந்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிடக்கூடும். பெட்டியைச் சுவரில் மாட்டி, கேபிளை அதன் வழக்கமான மூலையில் சுருட்டி, மேசையைத் திரும்பத் தள்ளிவைத்த பிறகு இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.